காது மிஷின் வந்த வீடு

காலை ஆறு மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது எதிர்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தவரின் வாய். அது திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு வட்டக் கடிகாரம். நேரத்தை அதில்தான் பார்த்தேன். என் தலையைச் சுற்றி, வலது காதை மூடி, கனமான கட்டு. வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண் தகர வாளியைத் தரையில் வைத்தாள். தண்ணீர் தளும்பியது. சத்தம் வரவில்லை. இந்த ஆபரேஷனால் சத்தம் வராது என்று டாக்டர் முன்பே காகிதத்தில் எழுதிக் காட்டியிருந்தார். இருந்தாலும் அவள் மறுபடி வாளியைத் தூக்கி வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் சித்தூரில் மதராஸ் தமிழ் நாளிதழ் ஒன்றுக்கு நிருபர். காது மிஷின் வாங்க நினைக்கிறவர்கள் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது சுலபம் என்பதால் இதை எழுதுகிறேன்.

சிறு வயதிலிருந்தே எனக்கு இரண்டு காதிலும் சீழ் வரும். பஞ்சு வைத்துக்கொண்டு காலம் ஓடியது. ஆந்திரா தனி ராஜ்யமான வருஷம் பொதுக்கூட்டங்களில் முன்வரிசை நாற்காலிக்கு நகர்ந்தேன். அடுத்த வருஷம் ஒலிபெருக்கிக்குக் கீழே. அதற்கடுத்த வருஷம் மேடை ஓரத்தில் நின்று பேச்சாளரின் வாயைப் பார்த்தேன். பிறகு கூட்டங்களுக்குப் போவதை விட்டேன். தெலுங்குப் பத்திரிகை நண்பர் ஒருவர் தம் நோட்டைக் கொடுப்பார். அதைப் பார்த்துத் தமிழில் எழுதி அனுப்புவேன். கோர்ட்டுத் தீர்ப்பு, கெஜட் அறிவிப்பு, எந்த ஊர் ஆந்திராவில், எது மதராஸில் என்ற எல்லைப் பிரச்சினை பற்றிக் கிராமங்கள் எழுதிய மகஜர்கள் எல்லாம் காகிதமாகவே வந்தன. வேலை நின்றுவிடவில்லை.

வீட்டில் என் மனைவி கமலா, மகன் சேகர், மகள் வசந்தா. மூவரும் என் முன்னால் வந்து நின்று, வாயை நன்றாக அசைத்துப் பேசுவார்கள். அசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். புரியாதவற்றுக்கு ஒரு சிலேட்டு இருந்தது. வசந்தாவின் பேச்சை நான் கடைசியாகக் கேட்டபோது அவளுக்கு மூன்று வயது. இப்போது எட்டு.

வலது காதுக்குப் பின்னால் வீங்கி, காய்ச்சலும் தலைசுற்றலும் வந்த பிறகுதான் திருப்பதிக்குப் போனோம். அங்கே காது டாக்டர் ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். காலை எட்டு மணிக்குச் சீட்டு வாங்கினோம். உள்ளே போனபோது பன்னிரண்டரை. காத்திருக்கும் இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். காது கேளாதவர்களுக்கான வரிசையிலும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஓர் இரும்புக் கவையைத் தட்டி என் காதுக்கு முன்னால் பிடித்தார். ஒன்றும் இல்லை. அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி வைத்தார். ரீங்காரம் கேட்டது. பல வருஷங்களுக்குப் பிறகு நான் கேட்ட முதல் சத்தம் அது. மறுபடி வைக்கும்படி கேட்டேன்; வைத்தார். பிறகு எழுதினார்: எலும்பு வழியாகக் கேட்கிறது என்றால் காது நரம்பு நன்றாக இருக்கிறது. செவிப்பறையும் அதன் பின்னால் உள்ள சிற்றெலும்புகளும் கெட்டுவிட்டதால் சத்தம் உள்ளே போக வழியில்லை. வலது காதுக்குப் பின்னால் எலும்பே அரித்துப் போய்ச் சீழ் கட்டியிருக்கிறது. விட்டால் மூளைக்குப் போகும். அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். இடது காது காய்ந்திருக்கிறது. அதில் மிஷின் வைக்கலாம்.

அடுத்த காகிதத்தில் ஒரு கேள்வி. மிஷின் எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் தராது. கனத்த குரலுக்கு ஒருவிதமாகவும் மெல்லிய குரலுக்கு வேறுவிதமாகவும் திருகி வைக்கலாம். முக்கியமாக எதைக் கேட்க வேண்டும்?

'கூட்டங்கள்' என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு 'என் மகள்' என்று எழுதினேன்.

ஆபரேஷனுக்கு முதல்நாள் மாலை, வலது காதைச் சுற்றி முடி எடுக்க நாவிதர் வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கத்தி உச்சியைத் தாண்டி இடது பக்கம் இறங்கியபோதுதான் எனக்குத் தெரியாமல் ஏதோ தீர்மானமாகியிருப்பது தெரிந்தது. பிறகு கமலா சொன்ன விவரம் இது.

"பாதி தலைதானா?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"டாக்டரு செப்பிந்தி இந்தேம்மா," என்று, டாக்டர் சொன்னது இவ்வளவுதான் என்பதாக, நாவிதர் தம் நாலு விரலைக் காட்டியிருக்கிறார்.

"டாக்டரு சொன்னது டாக்டருக்கு. திருப்பதிக்கு வந்து பாதி மொட்டையோட ஊருக்குப் போனா ஜனங்க இன்னா சொல்லுவாங்க? சாமிக்குப் பாதிதான் குடுத்தானான்னு கேக்க மாட்டாங்க? முழுசா எடுய்யா."

முடியை ஒரு துண்டில் முடிந்து, மறுநாள் பஸ்ஸில் மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தாள். நான் அப்போது மயக்க மருந்தில் இருந்தேன்.

எதிர்க் கட்டில்காரரின் பெயர் முனிசாமி. புத்தூர்ப் பக்கம் மாங்காய் மண்டியில் ஏலம் கூவுகிறவர். கூவிக் கூவித் தொண்டையில் குரல் நரம்பின் மேல் காய்ப்பு விழுந்து, அதை எடுத்திருந்தார்கள். பத்து நாள் வாயிலிருந்து சத்தமே வரக்கூடாது என்று உத்தரவு. அவர் உதட்டை மட்டும் அசைப்பார்; எனக்கு அது போதும். வார்டில் மற்ற யாருக்கும் அவர் பேசுவது புரியவில்லை.

"பேப்பர்காரராமே நீங்க. எங்க ஊரு எந்தப் பக்கம் போவுது?"

இன்னும் முடிவாகவில்லை என்றேன். நர்ஸ் ஓடி வந்து வாயில் விரலை வைத்துக் காட்டினாள். காது கேட்காதவனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. நான் கத்தியிருக்கிறேன்.

"போவட்டும்," என்றார் முனிசாமி. "மாங்கா ரெண்டு பக்கமும் காய்க்கும். ஏலத்த எந்த பாஷைல கூவறதுன்னு மட்டும் சொல்லிட்டா போதும்."

"இப்ப எதில கூவறீங்க?"

"நெம்பரு தெலுங்கு. திட்டறது தமிழு."

வார்டு முழுவதும் என் பங்குப் பேச்சை மட்டும் கேட்டுச் சிரித்தது. அந்த ஒன்பது நாட்களில் பேசிய அளவுக்கு நான் வெகு காலமாக யாரோடும் பேசியிருக்கவில்லை. விளக்கை அணைத்ததும் அதுவும் நின்றுவிடும். இருட்டில் உதடு தெரியாது. கமலா கட்டிலுக்கடியில் பாயில் படுத்து, என் கட்டில் காலில் கையை வைத்துக்கொள்வாள். நான் எழுந்தால் அவளுக்குத் தெரிய வேண்டுமே. அவள் எழுந்தால் எனக்குத் தெரிய வழியில்லை.

ஊருக்கு வந்தபோது சித்தூர் ஸ்டேஷனிலிருந்தே விசாரணை தொடங்கியது. மொட்டையைப் பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தரிசனம் நன்றாக ஆயிற்றா என்று கேட்டார்கள். மலை ஏறவே இல்லை என்றால் நம்பவில்லை. லட்டு எங்கே என்றும் இருவர் கேட்டார்கள்.

புண் ஆறி, தலையில் முடி ஓரளவு முளைத்த பிறகு, மிஷினுக்காகத் தனியாகத் திருப்பதிக்குப் போனேன். இடது காதுத் துளையின் அச்சை மெழுகில் எடுத்து முன்பே மதராஸுக்கு அனுப்பியிருந்தார்கள். கம்பெனியின் ஆள் அங்கிருந்து வந்து, திருச்சானூர் போகும் ரோட்டில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். மிஷின் என்பது சிகரெட் பெட்டி அளவில் ஓர் உலோகப் பெட்டி. உள்ளே சிறிய பாட்டரி. பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து மெல்லிய ஒயர் கழுத்தோரம் ஏறிக் காதில் பொருத்திய அச்சுக்குப் போகிறது. மேலே ஒரு சுவிட்சு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. சத்தத்தை வாங்கும் ஓட்டைகள் பெட்டியில்தான் இருக்கின்றன. ஆகவே பேசுகிறவர்கள் என் முகத்தைவிட என் சட்டைப்பையைப் பார்த்துப் பேசினால் நல்லது என்றார் அந்த ஆள்.

அவர் சுவிட்சைப் போட்டதும் யாரோ என் மார்பில் காய்ந்த இலைகளைக் கசக்குவதுபோல் இருந்தது. அது என் சட்டைத் துணி பெட்டியில் உரசும் சத்தம். மூச்சு விடும்போதெல்லாம் வந்தது. மூச்சை அடக்கினால் நின்றது. "எலா உந்தி சார்?" என்று, எப்படி இருக்கிறது என அவர் தெலுங்கில் கேட்டது தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. என் பதில் என் மண்டைக்குள்ளேயே முழங்கியது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேன். அந்தச் சத்தத்துக்குக் கையால் காதைப் பொத்தினேன்; அச்சு நகர்ந்து மிஷின் கீச்சென்று கத்தியது. முதல் வாரம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள் என்றார். ரயிலில் அணைத்து வைத்தேன்.

வீட்டு வாசலில் நின்று சுவிட்சைப் போட்டபோது மாலை நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கதவைத் திறந்த கமலா ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. "வந்துட்டீங்களா, கேக்குதா?" என்பது புரிந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. திருகைக் கூட்டினேன். அவள் மறுபடி கேட்டாள். சத்தம் வரவில்லை. பெட்டியைத் திறந்து பாட்டரியை எடுத்துத் துடைத்துப் போட்டேன். தெருவில் ஒரு மாட்டு வண்டி போனது. அதன் சக்கரம் கரகரத்தது, மாட்டின் மணி, வண்டிக்காரர் நாக்கால் கொட்டிய சத்தம், எல்லாம் வந்தன. சேகர் உள்ளேயிருந்து வந்து என் முன்னால் நின்று பேசினான். அவனிடமிருந்தும் சத்தம் இல்லை.

"சத்தமா பேசுங்க," என்றேன்.

கமலா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரு சிரிப்பு கேட்டது. என் நினைவில் இருந்ததைவிடத் தாழ்ந்த குரல்.

"ஐயோ, மறந்தே பூட்டேன்," என்றாள். இது கேட்டது.

விஷயம் இதுதான். எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவர். காது மந்தமான முதல் வருஷம் வீட்டில் எல்லோரும் என்னிடம் கத்திப் பேசியிருக்கிறார்கள். "இன்னிக்கு உங்க வூட்ல கத்திரிக்காயாமே" என்று பக்கத்து வீட்டு அம்மாள் தினமும் கேட்டிருக்கிறாள். ஜில்லா மதராஸுக்குப் போகாவிட்டால் நாமாவது வேலூர்ப் பக்கம் குடிபோய்விடலாமா என்று ஒருநாள் நானும் கமலாவும் பேசியதைக் கேட்டு, வீட்டுக்காரர் மறுநாளே வேறு குடித்தனத்துக்கு வீட்டைக் காட்ட ஆள் கூட்டி வந்திருக்கிறார். காது சுத்தமாகப் போனதும் கமலா முடிவு செய்துவிட்டாள்: சத்தம் போட்டாலும் கேட்காது, போடாவிட்டாலும் கேட்காது, வாயை அசைத்தால் போதும். பிள்ளைகளுக்கும் அப்படியே பழக்கினாள். அவர்கள் என்னோடு பேசுவதாக நான் நினைத்திருந்த அத்தனை வருஷமும் வீட்டில் என் குரல் மட்டும்தான் இருந்திருக்கிறது.

கமலாவுக்கு நாலைந்து நாளில் சரியாகிவிட்டது. கொஞ்ச நாள் என் சட்டைப்பையைப் பார்த்து, டிரங்க் காலில் பேசுகிறவர்கள்போலக் கத்தினாள். சேகர் ஒரு வாரத்தில் பழகினான்.

நான் ஒரு நோட்டில் சத்தங்களைக் குறித்துக்கொண்டேன். நேரம், சத்தம், விசாரித்ததில் தெரிந்த காரணம். காலை 5.50, உஸ்ஸென்ற இரைச்சல்: பம்ப் ஸ்டவ். 7.15, டப், டப்: பின்வீட்டில் துணி துவைக்கிறார்கள். 7.40, பக்கத்தில் யாரோ தாளைக் கிழிக்கிறார்கள்: நான் பேப்பர் புரட்டுகிறேன். அப்பளம் தின்பது முதல் மாதம் முடியவில்லை. பாத்திரம் விழுந்தால் நெஞ்சு அடித்துக்கொண்டது. கேட்கிற காது தனக்கு வேண்டாததைத் தள்ளிவிடுகிறது, மிஷின் தள்ளுவதில்லை. அந்த வேலையைத் தலை திரும்பவும் கற்றுக்கொள்ள ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். மிஷின் வாங்கிப் பதினைந்து நாளில் பெட்டியில் போட்டுப் பூட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்.

எல்லைக் கூட்டம் ஒன்றுக்கும் போனேன். ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, நாலாவது வரிசையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். இத்தனை வருஷம் நான் நண்பரின் நோட்டிலிருந்து எழுதி அனுப்பிய அதே பேச்சுதான்.

வசந்தா மட்டும் மாறவில்லை.

அவள் குரலை நான் இரண்டாம் நாளே கேட்டுவிட்டேன். ஜன்னல் வழியாக. தெருவில் நாலு பெண்கள் கோடு கிழித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். "நேனே முந்து! நேனே!" என்று தெலுங்கில் தனக்கே முதல் ஆட்டம் கேட்ட ஒரு குரல் மற்ற மூன்றையும் அடக்கியது. கொஞ்சம் கரகரப்பான, சண்டைக்குத் தயாரான குரல். எந்தப் பெண் என்று தெரியவில்லை. உதடுகளைப் பார்த்தேன். ஒவ்வொருத்தியாக விலக்கிக்கொண்டு வந்ததில் அது வசந்தா என்று தெரிந்தது. அவள் பள்ளிக்கூடம் தெலுங்கு, சிநேகிதிகள் தெலுங்கு. அண்ணனோடு போடும் சண்டையும் தெலுங்குதான். கமலா தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறாள். இதுவும் எனக்கு மிஷின் வந்த பிறகுதான் தெரியும். என்னோடு அவள் பேசியது தமிழ். சிலேட்டில் நான் சொல்லிக் கொடுத்த எழுத்துகளை வைத்து ஒவ்வொரு எழுத்தையும் உதட்டில் தனியாக வைப்பாள். வீட்டிலேயே தெளிவான உதடு அவளுடையதுதான். அதற்குக் குரல் கிடையாது.

ஆட்டம் முடிந்து உள்ளே வந்தவளைக் கூப்பிட்டேன். என் முன்னால் நின்று உதட்டை அசைத்தாள். 'இன்னா நைனா?'

"சத்தமா சொல்லு. இப்ப எனக்குக் கேக்குது."

அவள் தலையை ஆட்டினாள்.

"வாயைத் தொறந்து சொல்லேன்டி," என்றாள் கமலா. "உங்க நைனா திருப்பதிக்கு நடையா நடந்து வாங்கிக்கினு வந்தது எதுக்கு?"

வசந்தா வாயைத் திறந்தாள். மூச்சு மட்டும் வந்தது. அதைப் பெட்டி வாங்கி எனக்குக் கொடுத்தது. அதற்கு மேல் இல்லை.

"மூகதி," என்று சேகர் தெலுங்கில் ஊமை என்றான். அவள் அவன் மேல் பாய்ந்து, நல்ல சத்தத்தில் தெலுங்கில் திட்டினாள். என் பக்கம் திரும்பியதும் குரல் நின்றது. கமலா அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள். வேண்டாம் என்று தடுத்தேன்.

பல விதமாக முயன்றேன். தெலுங்கிலேயே சொல் என்றேன். நான் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன், முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடு என்றேன். அப்போது அவள் சுற்றி வந்து என் முன்னால் நின்று உதட்டை அசைத்தாள். பாடப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னேன். புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு ஒரே ஒரு முறை பதில் வந்தது. 'உங்ககிட்ட எப்டி சத்தமா பேசறது நைனா?' என்று உதடு சொன்னது. அவள் முகத்தில் பிடிவாதம் இல்லை. உண்மையாகவே வழி கேட்பவளின் முகமாக இருந்தது.

சோதனைக்குத் திருப்பதி போனபோது டாக்டர் இந்த முறை வாயாலேயே கேட்டார்.

"மகள் குரல் கேட்கிறதா?"

"தூரத்தில் கேட்கிறது," என்றேன்.

அவர் பெட்டியை வாங்கித் திருகைச் சிறிது மாற்றி வைத்தார். மெல்லிய குரல்கள் இனிப் பக்கத்தில் கேட்கும் என்றார்.

அதற்குப் பிறகு அவளைச் சத்தமாகப் பேசச் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். அவளும் என்னிடம் வருவதைக் குறைத்துக்கொண்டாள். பள்ளிக்கூட விஷயம் எல்லாவற்றையும் வந்து சொல்கிறவள், இப்போது தூரத்திலிருந்து என் சட்டைப்பையைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் போய்விடுவாள். அம்மாவிடம் பேசுவது எனக்குக் கேட்கும். பாதிக்கு மேல் தெலுங்கு. நான் கேட்கிறேன் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவாள்.

எல்லை பற்றிய முடிவு வெளியான வாரம். எந்தத் தாலுகா, எந்தக் கிராமங்கள் மதராஸுக்கு, எவை இங்கே என்று பட்டியல் வந்திருந்தது. சித்தூர் இங்கேயே. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நான் மேஜையில் பட்டியலைப் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தேன். பேனா முள் தாளில் கீறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வசந்தா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வைத்தாள். நேராக என்னிடம் வந்து மேஜையோரம் நின்றாள். சொல்ல ஏதோ இருந்தது. அம்மா வீட்டில் இல்லை.

"சொல்லும்மா," என்றேன்.

அவள் என் சட்டைப்பைக்குள் கையை விட்டாள். விரல்கள் துணியில் உரசும் சத்தம் பெரிதாகக் கேட்டது. சுவிட்சைத் தேடிப் பிடித்து அணைத்தாள். உரசல், தெரு எல்லாம் நின்றன. கையை எடுத்துக்கொண்டு, என் முகத்துக்கு நேராக வந்து நின்று, உதட்டை அசைத்தாள்.

டீச்சருக்குக் கல்யாணம். நாளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.